40,000 ரூபாய், 16 நாள்: பேரணியா, நாடகமா, பக்கத்து வீட்டுக் கதவா?

எங்களிடம் இருப்பது 40,000 ரூபாய், எட்டுப் பேர், 16 நாள். வீட்டுக்குள் பெண்கள் அடி வாங்குவதற்கு எதிராக இதை வைத்து என்ன செய்யலாம் என்று வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வாயில் இன்னும் ஹவுசிங் போர்டுதான். எட்டுப் பேர் என்றால் ஓய்வு பெற்ற டீச்சர், அங்கன்வாடி அக்கா, தையல் கடை அக்கா, ஆட்டோ ஓட்டும் அண்ணன், மூன்றாவது மாடி ஆயா, கல்லூரிக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர், அப்புறம் நான். பணம் வீடு வீடாக வசூலித்தது. கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால், எது சரிப்படும் எது சரிப்படாது என்று எழுதி வைக்கும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

16 நாள் என்பது நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை. டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகார ஆட்சியை எதிர்த்த மிராபால் சகோதரிகள் மூவர் 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதியைப் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக ஐ.நா. பொதுச்சபை 1999இல் அறிவித்தது. டிசம்பர் 10 மனித உரிமை நாள். இரண்டுக்கும் நடுவில் 16 நாளும் ஏதாவது செய்வது என்பது 1991இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது. உலகத்துக்குச் சரி, சென்னைக்கு அது புயல் சீசன். நிவர் கரையைக் கடந்தது 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி. மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. 2015 டிசம்பர் 1ஐப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் யார் எந்த யோசனையைச் சொன்னாலும் ஆயா கேட்ட முதல் கேள்வி, "மழை வந்தா?"

இரண்டாவது கேள்விதான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்கிறோமே, யாருக்கு என்ன தெரியவில்லை? பெண்டாட்டியை அடிப்பது தப்பு என்று தெரியாதவர் எங்கள் பிளாக்கில் ஒருவரும் இல்லை. அடிக்கிறவருக்கும் தெரியும்; தெரிந்ததால்தான் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறார். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதாகச் சொன்னார்கள். நாட்டின் சராசரி 29.3தான். படிப்பு, ஆஸ்பத்திரி, பெண்கள் வேலைக்குப் போவது என்று எதில் எடுத்தாலும் முன்வரிசையில் நிற்கிற மாநிலம் இது. அதே ஆய்வில் நாடு முழுவதும் அடி வாங்கிய பெண்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள்.

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, இரண்டாவது மாடியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். பிறகு குரலும் இல்லை. எங்கள் வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டியது நான்தான். ரிமோட் என் கையில் இருந்தது. மறுநாள் காலை குழாயடியில் அவளும் நானும் அடுத்தடுத்து நின்றோம். தண்ணீர் நிரம்பும் வரை இரண்டு பேரும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மொட்டை மாடியில் இதைச் சொன்னபோது மற்ற ஏழு பேரில் ஐந்து பேர், அன்றைக்குத் தங்களுக்கும் கேட்டது என்றார்கள். ஒருவர் மிக்ஸி போட்டாராம், ராத்திரி பத்தேகாலுக்கு.

அன்றிலிருந்து எங்களுக்கு அளவுகோல் இதுதான்: அடுத்த முறை சத்தம் கேட்கும்போது, கேட்கிறவர் என்ன செய்வார் என்பதை இது மாற்றுமா?

பேரணி

இது டீச்சரின் ஆசை. மெழுகுவத்தி, பதாகை, முன்னால் பள்ளிப் பிள்ளைகள். நான் கேலி செய்யவில்லை. ஊர்வலத்தாலும் கூட்டத்தாலும் நடந்த காரியங்கள் உண்டு. 1998இல் சென்னையில் ஈவ்டீசிங்கால் ஒரு கல்லூரி மாணவி உயிர் விட்டபோது ஊரே கொதித்தது; அதே ஆண்டில் அதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2012 டிசம்பரில் டெல்லித் தெருக்களில் கூடியவர்கள்தான் 2013இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். பேரணி என்பது அரசாங்கத்துக்குப் போடும் மனு. மனுவில் ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். எங்களிடம் இப்போது அப்படி ஒன்று இல்லை. இருக்கும் சட்டங்களே எங்கள் மாடிப்படி ஏறி வரவில்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை.

போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், மெரினா பக்கம் நினைக்கவே முடியாது, அவர்கள் சொல்லும் வழியில்தான் நடக்க வேண்டும். எல்லாம் கூடி வந்த அன்று வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தால் வாங்கிய மெழுகுவத்தி கரண்ட் போன வீடுகளுக்குத்தான் பயன்படும். ஆனாலும் டீச்சர் சொன்ன ஒன்றை நோட்டில் எழுதி வைத்தேன்: "பாக்கிறவனுக்கு என்ன ஆகுதோ தெரியாதும்மா. நடக்கிறவளுக்குத் தைரியம் வரும்." அது உண்மை. எட்டுப் பேருக்குத் தைரியம் வர 40,000 ரூபாயையும் செலவழிக்கலாமா என்பதுதான் கேள்வி.

சுவரும் ஸ்டிக்கரும்

கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்த பெரிய ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்த கல்லூரிப் பெண்கள், நாமும் ஒரு சுவர் வரையலாம் என்றார்கள். அழகாக இருக்கும். மழையில் நனைந்தாலும் நிற்கும். ஆனால் சுவர் வாரியத்துடையது, அனுமதி வாங்க வேண்டும். அதற்குள் தை பிறந்துவிடும். ஃபிளெக்ஸ் பேனர் என்று வாயெடுத்த ஆட்டோ அண்ணனை எல்லோரும் சேர்ந்து அடக்கிவிட்டோம். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்த ஊர் இது. பெண்களுக்காக வைக்கும் பேனர் ஒரு பெண் தலையில் விழ வேண்டாம்.

மிஞ்சியது ஸ்டிக்கர். 181 பெண்கள் உதவி எண், 1091 போலீஸ், 112 அவசரம், 1098 குழந்தைகளுக்கு, 1930 ஆன்லைன் மோசடிக்கும் மிரட்டலுக்கும். இதை ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டினால் ஊர் பார்க்கும். யாருக்குத் தேவையோ அவள் பார்க்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதை நாங்கள் முதலில் யோசிக்கவில்லை. தையல் கடை அக்காதான் சொன்னார். முன்பு யாரோ கொடுத்த ஸ்டிக்கரைத் தன் கடைக்கு வரும் ஒரு பெண் வீட்டு பீரோவில் ஒட்டிவிட்டாள். "யாருக்கு இந்த நம்பர்?" என்று கேட்டுக் கேட்டே அன்றைக்கு அடி விழுந்தது.

அதனால் ஸ்டிக்கர் கார்டாக மாறியது. கேஸ் கசிந்தால் 1906, ஆம்புலன்ஸ் 108, மாநகராட்சிப் புகார் 1913, மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, தண்ணீர் வாரியம் 4567 4567, இவற்றுக்கு நடுவில் 181, 1098. தலைப்பு 'மழைக்கால அவசர எண்கள்'. நவம்பர் கடைசியில் இந்தக் கார்டை எந்த வீட்டிலும் கிழித்துப் போட மாட்டார்கள். புருஷனே எடுத்துப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டுவார். செலவு குறைவு. நான் கேட்ட அச்சகத்தில் 5,000 ரூபாய்க்குள் முடியும் என்றார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்வது என்று ஒரே பேச்சில் முடிந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் சண்டையில்லாமல் முடிந்த ஒரே விஷயம்.

பறையும் நாடகமும்

கூட்டம் சேர்ப்பதில் பறையை அடிக்க எதுவும் கிடையாது. இரண்டு அடி விழுந்தால் ஆறு பிளாக்கும் பால்கனிக்கு வரும். எண்பதுகளிலிருந்தே சென்னையில் வீதி நாடகக் குழுக்கள் வரதட்சணை, அடிதடி என்று மக்கள் நடுவில் போய்ப் பேசி வருகிறார்கள். எங்கள் அம்மா காலத்தில் 'ஸ்டவ் வெடித்து' செத்த மருமகள்களின் கதையை வெளியில் சத்தமாகச் சொன்னதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எங்களுக்கு ஒரு குழு சொன்ன தொகை 11,000, சாப்பாடு தனி.

இரண்டு வருடம் முன்பு பக்கத்துத் தெருவில் ஒரு நாடகம் போட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கதையில் குடிகாரப் புருஷன் தள்ளாடித் தள்ளாடி வருகிறான், லுங்கி அவிழ்கிறது, ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவன் அடிக்கும்போதும் சிரிப்பு நிற்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடிப்படியில் பிள்ளைகள் அந்த விளையாட்டை விளையாடினார்கள். ஒரு பையன் தள்ளாடினான், ஒரு பெண் குழந்தை தலையில் கை வைத்துக் குனிந்து உட்கார்ந்தது. அவள் அழுது முடித்ததும் "இப்ப நான் குடிகாரன்" என்று முறை மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்று. குடியைக் குற்றவாளி ஆக்கினால் எல்லோருக்கும் வசதி. குடிக்காதவன் நல்லவன் ஆகிவிடுகிறான், குடிப்பவனுக்குச் சாக்கு கிடைத்துவிடுகிறது. எவ்வளவு போதையிலும் அவன் டாஸ்மாக் சூப்பர்வைசரை அடிப்பதில்லை, டிராஃபிக் போலீஸைக் கண்டால் குரல் தணிகிறது; வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நீளுகிறது. யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் மறக்காமல் இருக்கிறது. நாடகம் போடுவதென்றால் இதைச் சொல்லும் நாடகம் வேண்டும். அடிப்பவனை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பவளைக் கதாநாயகி ஆக்கச் சொல்லிக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். எழுத நேரம் வேண்டும் என்றார்கள். ஆகவே நவம்பரில் வேண்டாம், பொங்கலுக்குப் பிறகு, மழை விட்டதும்.

வாட்ஸ்அப்

செலவே இல்லாத வழி இது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு நிமிட வீடியோ, குடியிருப்பு குரூப்பில் போட்டால் 200 வீட்டுக்குப் போகும். காலை வணக்கத்துக்கும் கோயில் அலங்காரத்துக்கும் நடுவில் அது கட்டைவிரலில் நகர்ந்து போகும், அதுதான் நடக்கும். என் பயம் அதைவிட மோசமான ஒன்றைப் பற்றியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமையில், அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த வாரம் எங்கள் குரூப்பில் 'விழிப்புணர்வுக்காகப் பகிரவும்' என்று சுற்றியவற்றில் பாதி, பகிரக் கூடாதவை. வீடியோ போடுவதைவிட, எதை ஃபார்வர்டு செய்யக் கூடாது என்று ஒருநாள் உட்கார்ந்து பேசினால் புண்ணியம். அதைக் கல்லூரிப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பையன்களிடம் பேசலாம் என்றார் அங்கன்வாடி அக்கா. நல்ல யோசனை, ஆனால் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜூனில் பார்ப்போம்.

தண்ணி வருதா?

கடைசி வழி இதுதான். 2008இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்டால் மணியை அடித்து, கொஞ்சம் பால் இருக்குமா என்பதுபோல ஏதாவது கேட்பது. சண்டை போட வேண்டாம், அறிவுரை வேண்டாம். வெளியே ஒரு ஆள் இருக்கிறான் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தால் போதும்.

நான் இதைச் சொன்னதும் தையல் கடை அக்கா, "நாம உறைமோர் கேக்கலாம்" என்றார். ராத்திரி பால் காய்ச்சி உறை ஊற்றுகிற நேரம், பொருத்தமாகத்தான் இருந்தது. ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. விளக்கு வைத்த பிறகு மோர், உப்பு, ஊசி எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள். கேட்கிறவளுக்கே திட்டு விழும். சாவி, சார்ஜர், தீப்பெட்டி என்று பத்து நிமிடம் போனது. கடைசியில் ஆயாவே சொன்னார்: "உங்க வீட்ல தண்ணி வருதான்னு கேளு. மெட்ராஸ்ல அதுக்கு யாரு கோச்சுக்குவாங்க?" சிரித்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு சரி என்று புரிந்தது. இந்த ஊரில் எந்த நேரத்திலும், எந்த வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்கக்கூடிய ஒரே கேள்வி அது. புயல் அன்றைக்கு "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" மழை வந்தா என்ற ஆயாவின் கேள்விக்கும் இந்த ஒரு வழியில்தான் பதில் இருந்தது.

சும்மா தட்டிவிட முடியாது. மாடியில் நடித்துப் பார்த்தோம். ஆட்டோ அண்ணன் கதவுக்குப் பின்னால் உறுமினார், நான் தட்டினேன். முதல் தடவை வாயைத் திறந்ததும் "என்ன சத்தம் இங்க?" என்றுதான் வந்தது, எல்லாம் கெட்டது. யார் சொல்லிக் கொடுத்தது, யார் காதில் விழுந்தது என்று அப்புறம் அவளைத்தான் குடைவான். நாலாவது தடவைதான் சாதாரணமாகக் கேட்க வந்தது. தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேர். யார் கதவைத் திறந்தாலும் அவரிடமே கேள்வி. அவள் முகம் தெரியும் வரை மோட்டார், டேங்க், லாரி என்று ஏதாவது பேசிக்கொண்டு நிற்க வேண்டும். கத்தி, மண்ணெண்ணெய் என்று எதுவும் கண்ணில் பட்டால் நம் வேலை முடிந்தது, 112தான். மறுநாள் அவள் தனியாக இருக்கும்போது மட்டும், "நேத்து தூங்கினியா?"

இது உலகத்தில் எங்கேயாவது பலித்திருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். உகாண்டாவின் கம்பாலாவில் சாசா என்ற திட்டம் இருக்கிறது. வெளியாட்கள் வந்து பிரசங்கம் செய்யாமல், அதே தெருவில் குடியிருக்கும் சாதாரண ஆண்களும் பெண்களும் அக்கம்பக்கத்தில் திரும்பத் திரும்பப் பேசுவதுதான் அதன் முறை. 2014இல் வந்த ஆய்வு முடிவில், திட்டம் நடந்த பகுதிகளில் துணைவர் கையால் அடிபடுவது மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அது 16 நாளில் நடந்ததல்ல, வருடக்கணக்கில் பேசியது. டீச்சருக்கு இந்தக் கணக்கு பிடித்தது. பொறுமை அவருக்குத் தொழில்.

பயமும் இருந்தது. "நம்ம மேல கேஸ் போட்டுட்டா?" என்றார் அங்கன்வாடி அக்கா. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் உள்ள யாரும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது. பெண்கள் வாய் திறக்காததற்குப் பெரிய காரணம், சொன்னால் புருஷனை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், குடும்பம் தெருவில் நிற்கும் என்ற பயம். அந்தச் சட்டம் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதே இல்லை. அடிக்காதே என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கலாம், அதே வீட்டில் இருக்கும் உரிமை கேட்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும். மாதச் செலவு கேட்கலாம். சம்பளத்தைப் பிடுங்குவதும், சாப்பாட்டுக்குக் காசு தராததும், வாயால் குத்திக் குத்திக் கொல்வதும் அதில் வன்முறைதான். இதை மேடையில் சொன்னால் யார் காதிலும் ஏறாது. தையல் கடையில் பிளவுஸுக்கு அளவு எடுக்கும்போது சொன்னால் ஏறும், அங்கே ஆம்பளை வர மாட்டான்.

ஆண்களிடம் பேச ஆட்டோ அண்ணன் கேரம் கிளப்பைத் தேர்ந்தெடுத்தார். தலை குனிந்து ஆடுகிற இடம், கண்ணைப் பார்க்காமல் எதையும் பேசலாம் என்பது அவர் கணக்கு. முதல் வாரம் அவர் பேச்சை எடுத்ததும் ஒருவர் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். மற்றவர்கள் போகவில்லை.

கணக்கு இப்படி முடிந்தது. கார்டுக்கு 5,000. தை மாத நாடகத்துக்கு 11,000. டீ, பஜ்ஜி, மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூட்டம், நாடகக்காரர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,000. மீதி 15,000ஐ எதற்கும் ஒதுக்காமல் ஆயாவின் அரிசி டப்பாவில் வைத்திருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு படியிறங்கினால் ஆட்டோவுக்கும், ஆஸ்பத்திரிக்கும், நாலு நாள் சோற்றுக்கும் அது. இந்தத் தொகைக்குத்தான் கடுமையாக எதிர்ப்பு வந்தது. பிரசாரத்துக்கு வசூலித்த பணம் என்றார்கள். வெளியே வா என்று சொல்லிவிட்டு, வந்தவளை வாசலில் நிற்க வைக்க முடியுமா என்று நான் கேட்டேன். 5-3 என்று ஓட்டெடுத்து நிறைவேறியது. டிசம்பர் 10 அன்று மழை இல்லாவிட்டால் குடியிருப்பைச் சுற்றி ஒரு நடை, செலவில்லாமல், அது டீச்சருக்காக.

எந்த பிளாக்கில் கதவைத் தட்டப் போவது யார் என்று பிரித்தும் ஆகிவிட்டது. பி பிளாக் நாலாவது மாடிக்கு மட்டும் ஆள் இன்னும் முடிவாகவில்லை. அங்கே ஒரு வீட்டுக்காரர், வசூலின்போது எங்களை உள்ளே உட்கார வைத்து, மனைவியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் காப்பி போடச் சொல்லிவிட்டு, ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர்.